கடற்கரையில் இரண்டு பேர் நடக்கும் படம்

என் அக்கா கித்தேரியம்மாள் 1979-ஆம் வருடத்தின் சிறந்த படங்களாக ஐந்தைத் தேர்ந்தெடுத்தாள். ஐந்தாவது, ரயில்வே கேட்காரர் மகளுக்கு மாப்பிள்ளை தேடும் படம். நான்காவது, திருடர்கள் அநாதை விடுதியில் சமையல்காரர்களாகச் சேரும் படம். மூன்றாவது உப்பளத்துப் படம். இரண்டாவது, கண் தெரியாத தபால்காரர் படம். முதலாவது, கடற்கரையில் இரண்டு பேர் நடக்கும் படம். போஸ்டரில் இவற்றுக்கெல்லாம் வேறு பெயர்கள் இருந்திருக்கும். எங்கள் தெருவில் அக்கா வைத்த பெயர்தான் பெயர். இவற்றில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

பார்க்காமல் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சிரிப்பவர்கள் உண்டு. அவள் தங்கச்சி எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொட்டகைக்குள் பாதி நேரம் தூங்கி, மீதி நேரம் முறுக்கு கடித்துவிட்டு வந்து படம் சரியில்லை என்று சொல்கிறவர்களுக்கு உள்ள உரிமை, ஒரு வார்த்தை விடாமல் கேட்டவளுக்கு இல்லையா?

அக்காவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்தது. சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவளுக்கு விட்டுப்போன சொத்து அது. கொடைக்கானலில் நாங்கள் குடியிருந்த தெரு மேடும் பள்ளமுமானது. தண்ணீர்க் குழாய் வரை போய் வருவதற்குள் அவளுக்கு மூச்சு முட்டிவிடும். படக்கொட்டகையில் பீடிப் புகை. உள்ளே கால் வைத்தாலே நெஞ்சை அடைக்கும். மலையை விட்டு இறங்கி மதுரைக்குப் போய்ப் பார்ப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து, ஒரு மிஷன் பள்ளி விடுதிப் பிள்ளைகளின் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். அதில் ஏதோ வந்தது.

படம் பார்த்தது அவள் புருஷன், மரியஅந்தோணி அத்தான். லாரி ஓட்டினார். பூண்டி, போளூர்ப் பக்கத்துக் கேரட்டையும் மலைப்பூண்டையும் ஏற்றிக்கொண்டு மதுரை மார்க்கெட்டில் விடிகாலையில் இறக்குவார். அதற்கப்புறம் சாயங்காலம் வரை வேலை கிடையாது. மற்ற டிரைவர்கள் லாரிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுப்பார்கள். இவர் பகல் காட்சிக்குப் போவார். இத்தனைக்கும் அவருக்குப் படம் என்றாலே பிடிக்காது. "இருட்டுல உக்காந்தா கண்ணு சொருகுது சூசை. உங்கக்காவுக்குச் சொல்லணுமேன்னு தொடையைக் கிள்ளிக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்ததும் குளித்து, சாப்பிட்டு, அக்கா பொத்தான் டப்பாவைத் திறந்ததும் எதிரில் உட்காருவார். படம் ஆரம்பமாகும். கதாநாயகிக்குக் கீச்சுக் குரல், வில்லனுக்கு அடிவயிற்றுக் குரல். சண்டைக் காட்சியில் கோழிகள் வீட்டை விட்டு ஓடும். அக்கா ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்பாள். நடுநடுவே கேள்வி வேறு: "அவ என்ன கலர் சேலை?" அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கும், ஒரு நிறத்தை அடித்துவிடுவார்.

புது வருடத்தன்று காலைப் பூசை முடிந்ததும் தெருவே அக்கா வீட்டு வாசலுக்கு வரும். அக்கா மேட்டில் ஏறிக் கோயிலுக்கு வர முடியாததால் ஆரம்பித்த பழக்கம். கையில் ஆளுக்கொரு தட்டில் கேக்கோ முறுக்கோ இருக்கும். அக்கா கல்யாணப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போன வருடத்துப் படங்களை ஐந்தாவதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்வாள். ஏன் பிடித்தது என்றும் சொல்வாள். முதலாவது வந்ததும் கைதட்டல். மலைக்குக் கீழே கல்யாணம், காதுகுத்து என்று போகிறவர்கள், அக்காவின் முதல் படம் எங்கே ஓடுகிறது என்று விசாரித்துப் பார்த்துவிட்டு வருவார்கள்.

வினை அங்கேதான் இருந்தது. அத்தான் சொல்லும் படங்களில் யாரும் சாக மாட்டார்கள்.

கல்யாணமான புதிதில் அவர் எல்லாப் படத்தையும் உள்ளபடிதான் சொன்னார். அக்காவுக்கு முதல் குழந்தை பிறந்த அன்றே இறந்து போயிற்று. இன்னொரு பிரசவத்தை இவள் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குச் சில மாதம் கழித்து, யோசனை இல்லாமல், ஒரு குழந்தை சாகும் படத்தை அத்தான் அப்படியே நடித்துக் காட்டினார். அக்காவுக்கு உதடு நீலம் பாய்ந்து மூச்சு நின்றுவிடும் போலானது. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அதோடு சரி. அதன் பிறகு அவர் சொன்ன படத்தில் எவனும் தூக்கில் தொங்கவில்லை, கவர்னர் உத்தரவு வந்துவிடும். வெள்ளத்தில் போனவர்கள் கரை ஒதுங்கினார்கள். போலீஸ் ஜீப் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

ஆரோக்கியதாஸ் என்று ஒருவர், ஒரு லாட்ஜில் சமையல் வேலை பார்த்தவர், எங்கள் பக்கத்து வீடு. ஒரு வருடம் அக்காவின் முதல் படத்தை நம்பி, மாமியாரையும் கூட்டிக்கொண்டு வத்தலக்குண்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய் வந்தார். அக்கா சொன்னபடி, கடைசியில் தாய்க்காரி இட்லிக்கடை வைத்துப் பிழைக்க வேண்டும். படத்தில் அவள் கிணற்றில் விழுந்து செத்துப்போகிறாள். மாமியார் வழி நெடுக அழுதிருக்கிறார்.

"டீச்சர், நகருங்க. நான் அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டே ஆகணும்" என்று வாசலை மறித்து நின்ற என்னிடம் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பின்பக்கம் கொண்டுபோய் விஷயத்தைச் சொன்னேன்.  மனிதர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

"அக்கா, அந்த இட்லிக்கடை சீன் இருக்கே, அடேயப்பா! ஆவி பறக்குதுக்கா" என்றார்.

அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து தெரு முழுக்க அத்தான் பக்கம் சேர்ந்துகொண்டது. படம் பார்த்துவிட்டு வந்தவர்கள் அக்காவிடம் அத்தான் முடிவையே சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லி வைத்திருந்தோம். ஊரே சேர்ந்து ஒருத்தியை ஏமாற்றினோம் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

இந்த நிலையில்தான் கடற்கரைப் படம் வந்தது. அதில் வரும் பெண்ணுக்கும் இதயத்தில்தான் கோளாறு. ஆபரேஷன் செய்கிறார்கள். மேசையிலேயே இறந்து போகிறாள். அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன் கடைசியில் தனியாகக் கடற்கரையில் நடந்து போகிறான், படம் முடிகிறது. இந்தப் படத்தை அத்தான் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்ததை யாரோ சொல்லி, அக்கா கேட்டுவிட்டாள். அத்தான் ஒரே ஒரு ஆளை மட்டும் கூடச் சேர்த்தார். ஆபரேஷன் முடிந்து, பெண் பிழைத்து, இரண்டு பேரும் கடற்கரையில் நடந்து போனார்கள்.

"கடல் பாக்க எப்படியிருக்கும்?" என்று அக்கா கேட்டாள். அவள் கடலைப் பார்த்ததில்லை.

"மலைக்குக் கீழ மேகம் இறங்கிக் கெடக்குமே, அப்படி. ஆனா சத்தம் போடும்" என்றார் அத்தான்.

1980 புது வருடத்தன்று அந்தப் படத்துக்கு அவள் முதல் இடம் கொடுத்தாள். அன்றைக்குக் கைதட்டல் கொஞ்சம் குறைவாக இருந்தது. உண்மை தெரிந்தவர்கள் கையில் இருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மாதமே அவளுக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு வரவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கினாள். இங்கே பார்த்த டாக்டர், இனித் தள்ளிப்போட முடியாது, மதுரைக்குக் கொண்டுபோய் வால்வை விரிக்கும் ஆபரேஷன் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் இந்த வருடத்தைத் தாண்டுவது கஷ்டம் என்றார். இதை அவர் முன்பும் சொன்னதுண்டு. "செத்தாலும் என் வீட்டுல சாவேன், நெஞ்சைக் கிழிக்க விடமாட்டேன்" என்று அக்கா ஒரே பிடியாக நின்றிருந்தாள். இந்தத் தடவை டாக்டர் வாயை மூடுவதற்குள், "சரிங்க, போறேன்" என்றாள்.

எங்களாலேயே நம்ப முடியவில்லை.

"என்னடி முழிக்கிற? அந்தக் கடற்கரைப் படத்துப் புள்ளைக்கும் இதே வியாதிதானே? பிழைச்சு எந்திரிச்சு நடக்கலையா?" என்றாள்.

அத்தான் முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை இன்னொரு தரம் பார்க்க வேண்டாம். வெளியே வந்து லாரிச் சக்கரத்தின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நெசத்தைச் சொன்னா வரமாட்டா. சொல்லாட்டி, நான் பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போறவனாயிருவேன். நான் என்ன செய்ய சூசை?"

"வாயை மூடிக்கிட்டு வெரசா லாரியை எடுங்க" என்றேன். அன்றைக்கும் அதுதான் சரி என்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான்.

லாரியின் முன் சீட்டில் தலையணை வைத்து அவளை உட்காரவைத்தோம். கையில் எலுமிச்சம்பழம். சிறு பிள்ளையாக இந்த மலைக்கு வந்ததிலிருந்து அவள் இறங்கியதே இல்லை. பெருமாள்மலையில் காப்பி வாங்கிக் கொடுத்தோம். ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "படத்தை எல்லாம் எங்க வச்சு நெனச்சுக்கிட்டு வருவீங்க?" என்று அவரைக் கேட்டாள். அவர் வழியில் தெரிந்த டம் டம் பாறைப் பக்கம் கையைக் காட்டி, "இங்க வர்றப்பத்தான் முடிவு சரியா வரும்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் பாறையைப் பார்த்தாள். 

மதுரை ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டு. பக்கத்துக் கட்டிலில் வேலுத்தாய் என்று உசிலம்பட்டிப் பக்கத்து அம்மாள், வெள்ளந்தியான மனுஷி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் அத்தான் ரத்தம் கொடுக்கப் போயிருந்தார். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா அந்த அம்மாளுக்குத் தைரியம் சொல்லுகிறேன் என்று கடற்கரைப் படத்தை ஆரம்பித்தாள்.

வேலுத்தாய் சந்தோஷமாகக் கையைத் தட்டினாள். "அட, அந்தப் படமா! நான் எங்கூர்க் கொட்டகையில பாத்தேனே. அழுது அழுது முந்தானை நனைஞ்சு போச்சு. அந்தப் புள்ளதான் மேசையிலயே போயிருமேக்கா. கடைசியில அவன் மட்டும்ல ஒத்தையா நடப்பான்."

சொன்ன பிறகுதான் எந்த இடத்தில் யாரிடம் சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஆரஞ்சை உரித்துக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவள் நான். அன்றைக்கு அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அது வேற படமா இருக்கும் ஆத்தா" என்று அக்கா வேலுத்தாயிடம் சொன்னாள். குரல் மாறவே இல்லை.

அந்த அம்மாள் எழுந்து வராந்தாப் பக்கம் போனதும் என் கையைப் பிடித்தாள். அவள் கை ஐஸாக இருந்தது.

"இது ஒண்ணுதானா, எல்லாமேவா?"

"எல்லாம்தான்க்கா."

"இட்லிக்கடை?"

நான் தலையை ஆட்டினேன். அக்கா சிரித்தாள். சிரித்தாளா அழுதாளா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. "செத்தவங்களை எல்லாம் அவரு ஒருத்தரா நின்னு பிழைக்க வச்சிருக்காரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பயமா இருக்குடி சூசை. வீட்டுக்குப் போயிருவோமா?" என்றாள்.

"போயிருவோம்க்கா. இப்பவே எந்திரி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. "இப்ப நான் மாட்டேன்னா அவருக்குத் தெரிஞ்சுபோகும். இத்தனை வருசமும் எனக்காக முழிச்சிருந்து சொன்னாருடி. அத்தனையும் பொய்யின்னு நானே அவரு முகத்துல அடிச்ச மாதிரி ஆயிரும். வேண்டாம். அவரு சொன்னபடியே போறேன். நீ அவருட்ட மூச்சு விடக்கூடாது."

அத்தான் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா தலையைத் திருப்பி வைத்துவிடச் சொன்னாள். பிறகு, "அந்தக் கடற்கரைப் படத்தை இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னார். வார்டு என்பதால் கீச்சுக் குரல் இல்லை, மெதுவாகத்தான் பேசினார். ஆபரேஷன் வந்தது, பெண் பிழைத்தாள், இரண்டு பேரும் நடந்தார்கள். அக்கா முன்பு கேட்காதது போலவே கேட்டாள். "அவ என்ன கலர் சேலை?" என்றுகூடக் கேட்டாள். "வெள்ளையில நீலப்பூ" என்றார். என்னால் அங்கே இருக்க முடியவில்லை. வராந்தாவுக்குப் போய் வேலுத்தாய் தோளில் சாய்ந்து அழுதேன்.

மறுநாள் காலை உள்ளே கொண்டுபோனார்கள். மத்தியானம் டாக்டர் வெளியே வந்து, ரொம்பவும் பலவீனமான இதயம், தாங்கவில்லை என்றார். எங்கள் அக்கா அவ்வளவுதான்.

இறங்கி வந்த லாரியிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனோம். வேறொரு டிரைவர் ஓட்டினார். அத்தான் பின்னால் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வந்தார். டம் டம் பாறை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் மதுரைக்கு லோடு எடுக்கவில்லை. பூண்டிக்கும் கொடைக்கானலுக்கும் நடுவில் மட்டும் ஓட்டினார். போஸ்டர் இருக்கும் சுவர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். யாரோடும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. என்னிடம் மட்டும் குடித்திருக்கும்போது ஒரே பேச்சு: "பொய்யைச் சொல்லிக் கொண்டுபோயி மேசையில படுக்க வச்சிட்டேன் சூசை." நான் பதில் சொல்ல மாட்டேன். சொல்லக்கூடாது என்று அவள் வாங்கிய வாக்கு ஒரு பக்கம். சொன்னால், அவருக்காகத்தான் அவள் போனாள் என்பதையும் சொல்லியாக வேண்டுமே, அதைக் கேட்டு இந்த மனிதர் எப்படி உயிரோடு இருப்பார் என்ற பயம் ஒரு பக்கம்.

1981 புது வருடம் வந்தது. பூசை முடிந்து இறங்கிய தெரு, கால் போன பழக்கத்தில் அந்த வாசலில் வந்து நின்றுவிட்டது. நின்ற பிறகுதான் எல்லோருக்கும் தோன்றியது, எதற்காக வந்தோம் என்று. தட்டுகளை வைத்துக்கொண்டு திரும்பவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தவித்தார்கள். அத்தான் உள்ளேயிருந்து அக்காவின் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அதே இடத்தில் போட்டார். உட்காரவில்லை. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன வருசம் முதல்ல வந்த படத்தை நான் ஒரு தடவை உள்ளபடி சொல்லணும்" என்றார்.

சொன்னார். நடிப்பு இல்லை, குரல் மாற்றம் இல்லை. அந்தப் பெண்ணுக்கு வியாதி வந்தது, ஆபரேஷன் செய்தார்கள், மேசையிலேயே இறந்துபோனாள். "கடைசியில கடற்கரையில ரெண்டு பேரு நடக்கலை. அவன் மட்டும்தான் ஒத்தையா நடக்கான். நடந்துக்கிட்டே இருக்கான். அவ்வளவுதான் படம்" என்றார். அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்த முடிவுதான் அது. ஆனாலும் தெருவே வாய்விட்டு அழுதது.

"என்னை நம்பிப் போனா. நான் கொன்னுட்டேன்" என்று அவர் நாற்காலி முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவளுக்குத் தெரியும் அத்தான்" என்றேன். "பக்கத்துக் கட்டில் அம்மா சொல்லிருச்சு. முந்தின நாளே தெரியும்."

அவர் தலையைத் தூக்கினார். "தெரிஞ்சா? தெரிஞ்சா எங்கிட்ட அந்தப் படத்தைக் கேட்டா?"

"ஆமா."

"பின்ன ஏன் போனா?"

அக்காவின் ஐஸ் கை ஞாபகம் வந்தது. பயமா இருக்குடி, வீட்டுக்குப் போயிருவோமா என்று அவள் கேட்டதும் ஞாபகம் வந்தது.

"பயமே இல்லாமத்தான் போனா. அந்தப் படத்துக்கு நீங்க சொன்னதுதான் சரியான முடிவுன்னா. பிழைச்சு வந்து உங்களோட நெசக் கடலைப் பாக்கணும்னு அவளே ஆசைப்பட்டுப் போனா" என்றேன்.

"அப்படியா சொன்னா?"

நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் ஆரோக்கியதாஸ் தட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்து அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஆமாண்ணே. எங்கிட்டயும் சொல்லுச்சு. கடலைப் பாக்கணும், உங்க அண்ணனோட போகணும்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு" என்றார்.

மதுரைக்குப் போக லாரி ஏறிய பிறகு அக்கா ஆரோக்கியதாஸைப் பார்க்கவே இல்லை.